ரப்பரம்மாவுக்கு வந்த சீட்டு

கட்டி இடது மார்பில், கடிகாரமாக வைத்துப் பார்த்தால் ஏழு மணி முள் நிற்கும் இடத்தில் இருந்தது. தொல்லையெல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பம். இரண்டு மணியில் இருந்திருந்தால் இயக்ககத்தில் யாருக்கும் சங்கடம் வந்திருக்காது.

தையலக்கா அதைக் கண்டுபிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குளிக்கும்போது. அடுத்தவர் உடம்பை அளந்தே இருபது வருஷம் ஓட்டியவள் அவள். சட்டைப் பொத்தான் ஒன்று நழுவி விளிம்பு மடிப்புக்குள் போய்ச் சிக்கிக்கொண்டால் துணிக்கு மேலே எப்படித் தட்டுப்படுமோ, அப்படித் தட்டியது. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டு மறுபடி பார்த்தாள். இருந்தது. சோப்பைக் கழுவிவிட்டுப் பார்த்தாள். இருந்தது. தண்ணீர் தீர்ந்துபோன பிறகும் வெறும் சொம்பைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

அன்று கடையில் ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டினாள்.

பொத்தான் துளை போட வந்த நாத்தனார் அதைத் தூக்கிப் பார்த்தாள். “என்ன அண்ணி இது? ரெண்டு கையும் ஒரே பக்கமாப் போகுது. ஆளு இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு எப்பப் பாத்தாலும் வளைஞ்சு திரும்பிக்கிட்டேதான் நடக்கணும்.”

தையலக்கா சிரிக்கவில்லை. கடைக்குப் பின்னால் அளவு பார்க்கும் திரைக்குள் அவளை இழுத்துக்கொண்டு போய், கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். நாத்தனார் அழுத்தினாள். சட்டென்று கையை எடுத்தாள்.

“இது... கொழுப்புக் கட்டியா இருக்கும் அண்ணி.”

“கொழுப்புன்னா கையை எதுக்குடி வெடுக்குன்னு எடுத்தே?”

நாத்தனாருக்கு வாய் நீளம். கடைத்தெருவே அதைச் சொல்லும். அன்றைக்குத் திரையை விலக்கிக்கொண்டு போய்ப் பொத்தான் துளை போட உட்கார்ந்துவிட்டாள்.

இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தையலக்கா வெறும் தையலக்கா இல்லை. பெண்கள் சுய பரிசோதனை ஊக்குவிப்பு இயக்ககத்தின் ஒன்பதாம் வார்டுத் தன்னார்வலரும் அவள்தான். கழுத்தில் தொங்க ஓர் அட்டை, தோளில் ஒரு நீலப் பை, பைக்குள் பாரப் புத்தகம். மாலையில் கடையைச் சாத்திவிட்டு வீடு வீடாகப் போய், மார்பில் கட்டி இருக்கிறதா என்று பெண்கள் தாங்களே தொட்டுப் பார்ப்பது எப்படி எனச் சொல்லிக்கொடுத்து, பாரத்தில் டிக் போட்டு வருவது வேலை. எட்டு மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள். நானூற்றுப் பன்னிரண்டு டிக்கும் “கட்டி இல்லை” கட்டத்தில்தான் விழுந்திருந்தன.

அவளுக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தது ரப்பரம்மா. கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே மட்டும் உள்ள ரப்பர் பொம்மை. தலை கிடையாது என்பதால் பயிற்சியாளர்களோடு அதற்கு வாக்குவாதமும் கிடையாது. இடது மார்பில் இரண்டு மணி இடத்தில், ரப்பருக்கு அடியில், பட்டாணி அளவு கட்டி ஒன்றை வைத்தே தொழிற்சாலையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். முப்பது தன்னார்வலர்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக அழுத்தினார்கள். “கெடச்சுதா?” “கெடச்சுது சார்.” “அடுத்து.” பயிற்சி முடிந்தது. பிறகு இயக்ககம் பாரம் அச்சடித்தது, பொம்மையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. அதனால் பாரத்தில் கடிகாரப் படம் முழுசாக இருந்தது. டிக் போடும் கட்டம் மட்டும் இரண்டு மணியில் இருந்தது.

மறுநாளே தையலக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊரில் ஸ்கேன் எந்திரம் அங்கேதான் இருந்தது. முகப்பில் இருந்தவள் தலையைத் தூக்காமல், “ரோஸ் சீட்டு இருக்கா?” என்றாள். இயக்ககம் கொடுக்கும் ரோஸ் சீட்டோடு வந்தால் அடுத்த வாரம். சீட்டில்லாமல் வந்தால் பொது வரிசை, ஏழு மாதம் கழித்து.

“ஏழு மாசமா?”

“போன வாரம் வந்திருந்தா ஆறரைன்னு சொல்லியிருப்பேன்.”

ஏழு மாதம். ஒரு பொத்தான் ஏழு மாதத்தில் என்னவாகும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே அவள் நேராக இயக்ககத்துக்கு நடந்தாள்.

கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. மேஜைமேல் காகிதம் நேராக இருந்தால் அவர் முகமும் நேராக இருக்கும், அவ்வளவுதான். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார்.

“சார், எனக்கு ஒரு கட்டி இருக்கு.”

“எந்த வார்டுலம்மா?”

“என் மார்புல சார்.”

“அது சரி. எந்த வார்டு?”

“ஒன்பது.”

அவர் பேனாவை மூடினார். “ஒன்பதாம் வார்டுல கட்டி இல்லையேம்மா.” கோப்பை எடுத்து அவள் பக்கமாகத் திருப்பினார். “பாருங்க. நானூத்திப் பன்னண்டும் ‘இல்லை’. கையெழுத்து யாரோடது?”

“என்னோடதுதான் சார்.”

“நீங்களே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு, நீங்களே இருக்குன்னு வந்து நின்னா நான் எந்தக் கையெழுத்தை நம்புறது? சரி, போகட்டும். கண்டுபிடிச்சது யாரு?”

“நான்தான் சார்.”

“நீங்களேவா?”

“சுய பரிசோதனைதானே சார்?”

“சுய பரிசோதனைதான். அதுக்காக யாரையும் கேக்காம நீங்களா செஞ்சுக்கிட்டா எப்படிம்மா?” அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “விதி பதினாலு. பரிசோதனை செய்துகொள்பவரும், செய்யச் சொல்லும் தன்னார்வலரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது. உங்க வார்டுக்குத் தன்னார்வலர் யாரு?”

“நான்தான்.”

“அதான் சிக்கல். நீங்க வந்து உங்களுக்குச் சொல்லிக்குடுத்ததுக்குச் சாட்சி இல்ல.” கொஞ்சம் இரக்கத்தோடு குனிந்தார். “எத்தனை மணியில இருக்கு?”

“ஏழு.”

“பயிற்சியில எத்தனை மணி சொல்லிக் குடுத்தோம்?”

“ரெண்டு.”

“பின்ன ஏழு மணிக்கு எதுக்கும்மா போனீங்க?”

தையலக்கா தண்ணீர் தம்ளரை மேஜைமேல் வைத்தாள். “சார், எனக்குப் பயமா இருக்கு.”

“பயப்படாதீங்க. பயம் போக்குறதுதான் நம்ம திட்டத்தோட ரெண்டாம் கட்டம்.” அவர் காலண்டரைப் பார்த்தார். “இன்னும் ஆரம்பிக்கல.”

பாரத்தில் ஏழு மணியையும் சேர்க்கக் கோரி அவளையே ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார். திருத்தக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை கூடுமாம். போன கூட்டம் போன வாரம்தான் முடிந்ததாம். அவள் எழுதினாள். எழுதும்போது எழுத்து கோணியது. அவர் அளவுகோலை எடுத்துக் கொடுத்தார்.

எழுந்தபோது, “ஒரு நிமிஷம்மா,” என்றார். “நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. உங்க ஆளு ஒருத்தர் ரெண்டு தடவை ஆஸ்பத்திரி தேதிக்குப் போகல. தவறியவர் பட்டியல்ல இருக்காங்க.”

மேஜை இழுப்பறையிலிருந்து ரோஸ் சீட்டு ஒன்றை எடுத்து வைத்தார். பெயர்: ரப்பரம்மா. வயது நாற்பத்தைந்து. பிள்ளைகள் இருவர். கணவர் வெளிநாட்டில். கட்டி: இரண்டு மணி. வரும் வியாழன், காலை பத்து மணி. கீழே சிவப்பு மையில்: மூன்றாவது மற்றும் இறுதி அழைப்பு.

தையலக்காவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பயிற்சியின் கடைசி நாளில் எல்லோரும் பொம்மையை வைத்து ஒரு பாரம் நிரப்பிப் பழகினார்கள். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்று இதே கண்காணிப்பாளர் மூன்று முறை சொன்னார். அதனால் தையலக்கா, பெயரில் தொடங்கி வெளிநாட்டுக் கணவர் வரை சிரித்துக்கொண்டே எழுதினாள். முகவரிக்குப் ‘பயிற்சிக் கூடம்’ என்று போட்டாள். ஒரு பிழையும் இல்லாத பாரம். அது ஒன்றுதான் எந்த மேஜையிலும் நிற்காமல் ஆஸ்பத்திரி வரை போயிருந்தது. முப்பது வார்டு, எட்டு மாதம். இயக்ககம் கண்டுபிடித்து அனுப்பிய ஒரே நோயாளி ரப்பரம்மாதான்.

“சார், இது பொம்மை சார்.”

“எனக்குத் தெரியாதாம்மா?” கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். “பதிவேட்டுக்குத் தெரியாதே. பதிவேட்டுல அவங்க உசுரோட இருக்காங்க. இந்தத் தடவையும் போகலைன்னா நான் மேலிடத்துக்கு விளக்கம் எழுதணும். பாரத்துல உங்க கையெழுத்து இருக்கு. நீங்களே கூட்டிட்டுப் போய் ஒரு முத்திரை வாங்கிட்டு வந்துருங்க. பஸ்ல போறப்ப ஜாக்கிரதை, வெயில் பட்டா ரப்பர் இளகிரும்.”

அலமாரியைத் திறந்து, ரப்பரம்மாவைத் துண்டில் சுற்றி, அவள் கையில் கொடுத்தார்.

கடைக்கு வந்ததும் தையலக்கா பொம்மையை வெட்டுமேஜை மேல் வைத்தாள். சீட்டைப் பக்கத்தில் வைத்தாள். நாத்தனார் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பொம்மையைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள்.

“ரப்பருக்கு எதுக்கு அண்ணி ஸ்கேனு?”

தையலக்கா துண்டை இழுத்துப் பொம்மையை மூடினாள்.

“இல்ல, கேக்குறேன். இதுக்குத் தலை கிடையாது. கூப்பிட்டா ‘நான்தான்’னு சொல்ல வாய் கிடையாது. யாராச்சும் எழுந்து நிக்கணுமில்ல?”

“அது தப்புடி.”

“தப்புதான். ஏழு மாசம் சரியா உக்காந்திருக்கிறதுக்கு, ஒரு நாள் தப்பா நில்லுங்க.”

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. நாத்தனார் மடியில் துண்டு சுற்றிய ரப்பரம்மா. எதிரே உட்கார்ந்திருந்த கிழவர், “கொழந்தைக்கு மூச்சு முட்டப் போகுதும்மா, முகத்தைத் திறந்து விடு,” என்றார். “முகமே இல்லீங்க,” என்றாள் நாத்தனார். கிழவர் அதற்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

தையலக்கா விவரங்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து. இரண்டு. வெளிநாடு. தானே விளையாட்டாக எழுதியதுதான். இப்போது ஒன்றும் நிற்கவில்லை. கண்டுபிடித்துவிட்டால்? துரத்திவிட்டால்? அதைவிட, துரத்தாமல் உள்ளே கூப்பிட்டு, பார்த்து, சொல்லிவிட்டால்? விரல்கள் தாமாகவே சேலை மடிப்புக்குள் போய் அந்த இடத்தைத் தொட்டன. ஒரு வேளை போயிருக்குமோ. போகவில்லை.

“ரப்பரம்மா! ரப்பரம்மா யாரு?”

அவள் எழுந்தாள்.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, “மூணாவது தடவை கூப்பிட்டதுக்கு வந்திருக்கீங்க. பயமா?” என்றார்.

“ஆமாம்மா.” அன்று அவள் சொன்னதில் முதல் உண்மை அதுதான்.

டாக்டரம்மா இரண்டு மணியில் அழுத்தினார். ஒன்றும் இல்லை. “சீட்டுல ரெண்டுன்னு போட்டிருக்கே?”

“ஏழும்மா,” என்றாள் தையலக்கா. “சீட்டு தப்பு.”

விரல்கள் கீழே இறங்கின. நின்றன. எடுக்கவில்லை. அங்கேயே இருந்து, மெதுவாகச் சுற்றி வந்தன. “கட்டிக்குச் சீட்டைப் படிக்கத் தெரியாதும்மா,” என்றார் டாக்டரம்மா, கூரையைப் பார்த்தபடி. “அது இருக்கிற இடத்துலதான் இருக்கும்.” பிறகு, “உங்க நெசப் பேரு என்ன?” என்றார்.

தையலக்கா எல்லாவற்றையும் சொன்னாள். பொம்மை, பாரம், பதினாலாம் விதி, வராந்தாவில் துண்டுக்குள் இருக்கும் நோயாளி. டாக்டரம்மா முதலில் சிரித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் உண்மைப் பெயரை எழுதிக்கொண்டார். “சீட்டு நம்பர் அவங்களோடதாவே இருக்கட்டும். அதைத் தொட்டா உங்களை வெளியில தள்ளிருவாங்க,” என்றார். அன்றே ஸ்கேன். அன்றே ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு ஒரு வாரத்தில்.

அந்த ஒரு வாரத்தை எப்படித் தள்ளினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தையல் எந்திரத்தின் முன் உட்கார முடியவில்லை. நீலப் பையை மாட்டிக்கொண்டு மறுபடி வீடு வீடாகப் போனாள். ரெண்டு மணி மட்டும் போதாது, பன்னண்டு மணியும் சுத்திப் பாருங்க, அக்குளையும் பாருங்க என்று நானூற்றுப் பன்னிரண்டு பேரிடமும் சொல்ல ஆரம்பித்தாள். “மொதல்ல ரெண்டுன்னீங்க, இப்பப் பன்னண்டுங்கறீங்க. காய்கறி வெலை மாதிரில்ல ஏறுது,” என்றாள் ஒருத்தி. தையலக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைச் சாத்தி உள்ளே போய்ப் பார்த்தாள்.

முடிவு வந்தது. புற்றுதான். டாக்டரம்மா அந்தச் சொல்லைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “சின்னது. எங்கயும் பரவல. அந்த இடத்தை மட்டும் எடுத்தாப் போதும், அப்புறம் கொஞ்ச நாள் வைத்தியம். ஏழு மாசம் கழிச்சு வந்திருந்தா நான் வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன்.” திங்கட்கிழமை அறுவை சிகிச்சை.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை இயக்ககத்தில் விழா. ஒன்பதாம் வார்டுக்குக் ‘கட்டியற்ற வார்டு’ கேடயம். தையலக்கா வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள். கேடயம் வாங்காவிட்டால் விளக்கம் எழுத வேண்டும் என்றார்கள். போனாள்.

மேடையில் இயக்குநர் பேசினார். பக்கத்தில், தண்ணீர் ஜாடிக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில், முத்திரை வாங்கித் தையலக்கா திருப்பிக் கொடுத்திருந்த ரப்பரம்மாவைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

“நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள்! ஒரு கட்டிகூட இல்லை! நம் தன்னார்வலர் போவதற்கு முன்னால் எத்தனை கட்டிகள் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!” கைதட்டல். “அடுத்த ஆண்டுக்குள் முப்பது வார்டுகளும் கட்டியற்ற வார்டுகள் ஆக வேண்டும். அதற்குக் கட்டி உள்ள பெண்கள் குறுக்கே நிற்கக் கூடாது என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். சிலர் கேட்கிறார்கள், இந்த இயக்ககம் யாரைக் காப்பாற்றியது என்று. சொல்கிறேன். ரப்பரம்மா! இரண்டு பிள்ளைகளின் தாய். கணவர் கடல் கடந்து உழைக்கிறார். அந்தச் சகோதரிக்கு வரும் திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. அவர் இன்று இந்த மேடையில் இருந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!”

சொல்லிவிட்டு, ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுக்க வசதியாக ரப்பரம்மாவைச் சற்று நகர்த்தி வைத்தார்.

தையலக்கா கேடயம் வாங்கினாள். கனம் அதிகம். மார்போடு அணைத்துப் பிடித்தால்தான் நிற்கும். அதன் விளிம்பு சரியாக ஏழு மணியில் போய் அழுத்தியது. படம் எடுப்பவர், “கொஞ்சம் சிரிங்கம்மா,” என்றார். அவளுக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. படத்தில் அது சிரிப்பாகத்தான் விழுந்தது.

திங்கட்கிழமை மயக்க ஊசி போட்டவர் நூறிலிருந்து பின்னால் எண்ணச் சொன்னார். தொண்ணூற்றேழு வரை எண்ணினாள். கண் விழித்தபோது நாத்தனார் கட்டிலருகே உட்கார்ந்து, அண்ணி பிழைத்த சேதியைக் கைப்பேசியில் யாரிடமோ சண்டை போடுவது போல் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து, இடது கை தோளுக்கு மேலே ஏறாத நாட்களில், கண்காணிப்பாளர் கடைக்கு வந்தார். கையில் துண்டுப் பொட்டலம்.

“ஒரு சின்ன உதவிம்மா. ரப்பரம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு கட்டியை எடுத்தாச்சுன்னு ஆஸ்பத்திரியிலருந்து கடிதம் வந்துருச்சு. அடுத்த வாரம் தணிக்கை. பதிவேடும் பொருளும் ஒத்துப்போகணுமில்ல? அதனால...”

துண்டை விரித்தார். இரண்டு மணியில், காகிதம் வெட்டும் கத்தியால் அறுத்த பிளவு, வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பட்டாணியைத் தோண்டி எடுத்திருந்தார்.

“இதைக் கொஞ்சம் அழகாத் தச்சுக் குடுங்க.”

“கட்டி இல்லாம எப்படி சார் பயிற்சி நடக்கும்?”

“இன்னும் நல்லாவே நடக்கும். எங்க தொட்டாலும் ஒண்ணும் இருக்காது. யாருக்கும் பயமே வராது.” வாசல் வரை போனவர் திரும்பினார். “ஆமா, உங்களுக்கு ஏதோ ஏழு மணின்னீங்களே, அது என்னாச்சு? விண்ணப்பம் குழுவுலதான் இருக்கு.”

“போயிருச்சு சார்.”

“பாத்தீங்களா! பயப்படாதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன்.”

அவர் போன பிறகு தையலக்கா பிளவை நெருக்கமான தையலாகப் போட்டு மூடினாள். தன் மேல் போட்ட தையலைக் கண்ணாடியில் பார்த்திருந்தாள், அதே இடைவெளி. பிறகு பொம்மையைத் திருப்பி, முதுகுப் பக்கத்து விளிம்பைப் பிரித்தாள். பொத்தான் டப்பாவில் விரலை விட்டுத் துழாவி, இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்தாள். இடது மார்பு, ஏழு மணி. உள்ளே வைத்து, நகராமல் நாலு நூல் கட்டினாள்.

பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார், “ஒண்ணு போதுமா அண்ணி?” என்றாள்.

தையலக்கா யோசித்தாள். இன்னும் சின்னதாக ஒன்றை எடுத்து வலது அக்குள் பக்கம் வைத்தாள்.

அடுத்த பயிற்சியில் புதிய தன்னார்வலர்கள் வரிசையில் நின்றார்கள். பழைய ஆள் என்பதால் தையலக்காவுக்கு ரப்பரம்மா பக்கத்திலேயே நாற்காலி. ஒவ்வொருவராக வந்து இரண்டு மணியில் அழுத்தினார்கள். “இருக்கா?” “இல்ல சார்.” “நல்லது. அடுத்து.” கண்காணிப்பாளர் முகம் நேராக இருந்தது.

ஒன்பதாவதாக வந்தவள் பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைப்பவள். மூலை முடுக்கு விடாமல் துடைத்துப் பழகிய கை. இரண்டில் ஆரம்பித்து, மூன்று, நாலு என்று தன்பாட்டுக்கு இறங்கியது. ஏழில் நின்றது. அவள் முகத்தில் இரத்தம் வற்றிப்போனது. “சார்... இங்க என்னமோ...” என்று சொல்லிக்கொண்டே சட்டென்று கையைத் தூக்கப் போனாள்.

“அங்கெல்லாம் எதுக்கும்மா போறீங்க?” என்றார் கண்காணிப்பாளர்.

தையலக்காவின் இடது கை முழுசாக நீளவில்லை. வலது கையால் எட்டி, அந்தப் பெண்ணின் விரல்களை இருந்த இடத்திலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“கையை எடுக்காதே,” என்றாள்.